கல் மேடையில் படிந்த கறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சமையலறை மேடைக் கல்லில் படியும் கறைகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் ஏழு இந்த இதழில் எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கின்றன. பெரும்பாலான கடிதங்களில் ஒரே நிலைமை தெரிகிறது: கறையால் வந்த பாதிப்பைவிட, அதைப் போக்க முயன்றபோது கல்லுக்கு வந்த பாதிப்பு பெரிதாக இருக்கிறது. ஆகவே என்ன செய்யலாம் என்று சொல்வதற்கு முன், போட்டிருக்கும் கல் எது, அதன்மேல் பட்டிருக்கும் பொருள் எது என்று கண்டறியும் வழியையும் இயன்ற இடங்களில் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

கேள்வி: புதிதாகக் கட்டிய வீட்டில் சமையல் மேடைக்கு ராஜஸ்தான் வெள்ளை மார்பிள் போட்டோம். பாதியாக அறுத்த எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்த இடத்தில் வட்டமாக மங்கல் விழுந்துவிட்டது. சோப்பு, சமையல் சோடா, பற்பசை என்று எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. இந்தக் கறையை எப்படிப் போக்குவது?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் மேடையில் விழுந்திருப்பதைக் கறை என்று கொள்ள முடியாது. அந்த இடத்தில் கல்லின் மேற்பரப்பே மிக மெல்லிய அளவில் கரைந்துபோயிருக்கிறது. மார்பிளின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாற்றில் உள்ள சிட்ரிக் அமிலம் அதன்மீது பட்டவுடன் கால்சியம் கார்பனேட் கரையத் தொடங்குகிறது, கரியமில வாயு வெளியேறுகிறது, வழவழப்பாகப் பாலிஷ் செய்யப்பட்டிருந்த பரப்பு நுண்ணிய மேடுபள்ளங்கள் கொண்டதாக மாறிவிடுகிறது. சமமான பரப்பு ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்பும். மேடுபள்ளமான பரப்பு அதைச் சிதறடிக்கும். அந்தச் சிதறலே உங்கள் கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறது. இல்லாத ஒன்றைச் சோப்பால் நீக்க முடியாது என்பதால்தான் நீங்கள் செய்த எதுவும் பலன் தரவில்லை.

கறையையும் இத்தகைய அரிப்பையும் பிரித்தறிவது கடினமன்று. மேடையின் ஓரத்தில் முகத்தைத் தாழ்த்தி, சன்னல் வெளிச்சம் சாய்வாக விழும் கோணத்திலிருந்து பாருங்கள். நிறம் மாறாமல் பளபளப்பு மட்டும் குறைந்திருந்தால் அது அரிப்பு. விரல் நுனியால் தடவினால் சுற்றியுள்ள பகுதியைவிடச் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். தண்ணீரால் நனைத்தால் மறைந்தது போலிருந்து, காய்ந்ததும் மீண்டும் தென்படும். கறை என்பது கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கிய நிறமுள்ள பொருள். அது எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் தெரியும், பளபளப்பு கெட்டிருக்காது.

கையளவு பரப்பில் லேசாக விழுந்த மங்கலை வீட்டிலேயே சரிசெய்யலாம். மார்பிள் பாலிஷ் பவுடர் என்று கேட்டால் கல் விற்கும் கடைகளிலும் சில ஹார்டுவேர் கடைகளிலும் கிடைக்கும். ஈரத்துணியில் சிறிது எடுத்து, மங்கலான இடத்தில் மட்டும் சில நிமிடங்கள் சுழற்றித் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். ஒருமுறையில் முழுதும் தெளியாவிட்டால் மறுபடியும் செய்யலாம். பல இடங்களில் விழுந்திருந்தாலோ, நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் அளவுக்கு ஆழமாக இருந்தாலோ, டைமண்ட் பேட் வைத்துப் படிப்படியாகத் தேய்த்து மெருகேற்றும் பாலிஷ்காரரை அழைப்பதே நல்லது. ஒரு சிறு இடத்தை மட்டும் அழுத்தித் தேய்த்தால் அங்கே குழி விழுந்து, மங்கலைவிட அது அசிங்கமாகத் தெரியும்.

இனி ஒரு செய்தியை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். புளியில் டார்ட்டாரிக் அமிலம், தயிரில் லாக்டிக் அமிலம், வினிகரில் அசிட்டிக் அமிலம், தக்காளியில் சிட்ரிக் அமிலம் என்று நம் அன்றாடச் சமையலில் அமிலம் இல்லாத வேளையே இல்லை. சாம்பாரும் ரசமும் மோர்க்குழம்பும் ஊறுகாயும் புழங்கும் மேடைக்கு மெருகேற்றிய மார்பிள் பொருத்தமான கல்லன்று என்பது என் உறுதியான கருத்து. நம் முன்னோர் அம்மியையும் ஆட்டுக்கல்லையும் கருங்கல்லில் அடித்துக்கொண்டார்கள். புளியும் மிளகாயும் நாள்தோறும் அரைபட்டும் அந்தக் கல்லை உணவிலுள்ள அமிலம் ஒன்றும் செய்ததில்லை. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் போன்ற சிலிக்கேட் கனிமங்கள் அத்தகைய அமிலங்களுக்கு எளிதில் இளகாதவை என்பதே அதற்குக் காரணம். மார்பிள் போட்டாகிவிட்ட நிலையில், பளபளப்பு இல்லாத ஹோன்டு என்னும் மேட் மெருகுக்கு மாற்றச் சொல்லலாம். அரிப்பு அப்போதும் நிகழும். ஆனால் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. நறுக்குவதற்கும் பிழிவதற்கும் தனிப் பலகையும் தட்டும் வைத்துக்கொள்வது எல்லாவற்றையும்விட எளிது.

கேள்வி: எங்கள் மேடை வெள்ளை நிற கிரானைட், ஆங்காங்கே சிவப்புப் புள்ளிகள் இருக்கும். எண்ணெயில் குழைத்த மஞ்சள்தூள் கொட்டி மஞ்சளாகப் பிடித்துக்கொண்டது. சோப்புத்தூள் கரைத்து ஊற்றித் தேய்த்தபோது அந்த இடம் செக்கச்செவேலென்று சிவந்துவிட்டது. பயந்து கழுவிவிட்டேன். கல்லுக்குக் கெடுதல் ஆகிவிட்டதா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: கல்லுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. ஆரத்தி எடுக்கும்போது மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பைச் சேர்த்தவுடன் அது சிவப்பது உங்களுக்குத் தெரியும். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும். துணி சோப்புத்தூளிலும் வாஷிங் சோடாவிலும் காரம் இருப்பதால் உங்கள் மேடையிலும் அதுவே நடந்திருக்கிறது. நன்றாகக் கழுவிவிட்டால் காரம் நீங்கி, எஞ்சிய நிறம் மீண்டும் மஞ்சளாகத் திரும்பும். ஆனால் இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது, மஞ்சள் கறைக்குச் சோப்புத்தூளும் சோடாவும் சுண்ணாம்பும் சரியான மருந்தல்ல என்பதுதான்.

குர்குமின் தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும், எண்ணெயில் நன்றாகக் கரையும். நீங்கள் சொல்வது எண்ணெயில் குழைத்த மஞ்சள் என்பதால் எண்ணெயும் நிறமும் சேர்ந்தே கல்லுக்குள் இறங்கியிருக்கின்றன. முதலில் எண்ணெய்ப் பசையைப் போக்க வேண்டும். பாத்திரம் துலக்கும் திரவ சோப்பைச் சிறிது வெந்நீரில் கலந்து, மெல்லிய துணியால் ஒற்றி ஒற்றி எடுத்து, நல்ல தண்ணீரில் துடைத்துவிட்டு ஒருநாள் உலரவிடுங்கள். அடுத்த நாள் மருந்துக்கடையில் கிடைக்கும் 20 வால்யூம், அதாவது ஏறத்தாழ 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கி, வெள்ளை டிஷ்யூ காகிதத்தை நான்கைந்து மடிப்பாக மடித்து அதில் நனைத்து, கறையின் மேல் படியவைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடி ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் தாளை மட்டும் எடுத்துவிட்டு, காகிதம் அங்கேயே கிடந்து தானாகக் காயட்டும். இதை இரண்டு மூன்று முறை செய்தால் நிறம் படிப்படியாக வெளுக்கும். கையுறை அணிந்துகொள்ளுங்கள், பெராக்சைடு தோலை வெளுக்கச் செய்து எரிச்சல் தரும். கருப்பு, பச்சை போன்ற அடர்நிறக் கற்களில் இதைப் பயன்படுத்த வேண்டாம்.

சூரிய ஒளியும் குர்குமினைச் சிதைக்கக் கூடியது. மஞ்சள் கறை பட்ட துணியை வெயிலில் போட்டால் கறை மறைவதைப் பார்த்திருப்பீர்கள். சன்னலோரத்து மேடையில் வெயில் நேராக விழுமானால், அந்த இடத்தில் பாத்திரங்களை அடுக்காமல் சில நாள் வெறுமையாக விட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நீங்கள் விவரித்த கல் ‘காஷ்மீர் ஒயிட்’ என்ற பெயரில் விற்கப்படுவதாக இருக்கலாம். அது மதுரைப் பக்கத்துக் குவாரிகளில் வெட்டப்படுவது. அதிலுள்ள சிவப்புப் புள்ளிகள் கார்னெட் என்னும் கனிமம். அதில் இரும்பு இருக்கிறது. அமிலம் சேர்ந்த எந்தத் திரவத்தையும் அந்தக் கல்லில் ஊற்றிவிடாதீர்கள். இரும்பு வெளிப்பட்டுத் துருவாக மாறி, கல் முழுவதும் பழுப்பேறிப் போகும். அப்படி வந்த பழுப்பை எடுப்பது மஞ்சளை எடுப்பதைவிடப் பன்மடங்கு கடினம்.

கேள்வி: அடுப்பைச் சுற்றி எங்கள் சாம்பல் நிற கிரானைட் திட்டுத் திட்டாகக் கறுத்திருக்கிறது. தினமும் துடைத்தும் மாறவில்லை. எண்ணெய் உள்ளே இறங்கிவிட்டது என்கிறார்கள். கல்லை மாற்றத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: மாற்ற வேண்டியதில்லை. உள்ளே இறங்கிய எண்ணெயை வெளியே இழுப்பதற்கு நம்மிடம் பழைய, நம்பகமான ஒரு வழி உண்டு. உடம்பில் வீக்கம் கண்ட இடத்துக்கு மருந்தைக் குழைத்துப் பற்றுப் போடுவதைப்போல, கல்லுக்கும் பற்றுப் போடலாம். ஆக்ராவில் தாஜ்மகாலின் மக்ரானா மார்பிள் காற்று மாசால் மஞ்சளித்தபோது இந்தியத் தொல்லியல் துறை 1994 முதல் சில முறை கையாண்டதும் இதே முறைதான். முல்தானி மட்டியைக் குழைத்துச் சுவரில் பூசி, காயவிட்டு, பிறகு கழுவி எடுத்தார்கள்.

இதன் செயல்பாட்டைப் புரிந்துகொண்டால் தவறு நேராது. பற்றில் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, கல்லின் துளைக்குள் சென்று கறையைக் கரைக்கும் திரவம். மற்றொன்று, அந்தத் திரவத்தைத் தன்னிடம் உறிஞ்சிக்கொள்ளும் நுண்தூள். திரவம் உள்ளே போய்க் கறையைக் கரைத்துக்கொள்ளும். தூள் காயும்போது திரவம் அதை நோக்கி மேலேறும். கறையும் உடன் வந்து தூளில் தங்கிவிடும். ஆகவே பற்று முற்றிலும் காய்வது இந்த முறையின் உயிர்நாடி. பலர் ஒரு மணிநேரத்தில், ஈரமாக இருக்கும்போதே துடைத்து எடுத்துவிட்டுப் பலனில்லை என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

முதலில் மேடையைத் திரவ சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவி, அந்தப் பகுதியை ஒருநாள் பயன்படுத்தாமல் உலரவிடுங்கள். கருமை குறைந்தால் அதில் ஒரு பகுதி வெறும் ஈரம் என்று பொருள். அப்படியே நின்றால் எண்ணெய். பிறகு, சமையல் சோடாவைச் சிறிது தண்ணீரும் இரண்டு மூன்று சொட்டுத் திரவ சோப்பும் விட்டு வடை மாவுப் பதத்துக்குப் பிசைந்து, கறுத்த இடத்தின் மேல் சுமார் அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பூசுங்கள். கறையின் எல்லையைத் தாண்டி இரண்டு விரற்கடை அகலம் கூடுதலாகப் பூச வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் ஓரத்துக்கு ஒதுங்கி அங்கே வளையமாக நின்றுவிடும். அதன்மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, ஓரங்களைப் பெயின்டர்கள் பயன்படுத்தும் காகித டேப்பால் ஒட்டி, ஊசியால் நான்கைந்து துளைகள் போட்டு, 24 முதல் 48 மணிநேரம் வரை விட்டுவிடுங்கள். பின்னர் தாளை நீக்கி, பற்று பொரிந்து உதிரும் நிலைக்கு வரும்வரை காத்திருந்து, மரக் கரண்டியாலோ பிளாஸ்டிக் அட்டையாலோ சுரண்டி எடுத்து, தண்ணீரில் துடையுங்கள்.

முதல் பற்றிலேயே முழுதும் போய்விடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பல ஆண்டுத் தாளிப்பும் பொரிப்பும் உள்ளே சேர்ந்திருக்கும் எண்ணெய், வந்த வேகத்தில் போகாது. ஒவ்வொரு முறையும் காய்ந்த பிறகு கறுப்பு சிறிதளவாவது வெளிறியிருந்தால் முறை வேலை செய்கிறது என்று கொண்டு தொடருங்கள்.

சோடாப் பற்றில் அசைவே இல்லாவிட்டால், மணமூட்டாத டால்கம் தூளை அல்லது முல்தானி மட்டியைப் பெயின்ட் கடையில் கிடைக்கும் அசிட்டோனில் குழைத்துப் பூசலாம். எண்ணெயை அது நன்றாகக் கரைக்கும். ஆனால் அசிட்டோன் மிக எளிதில் தீப்பற்றக்கூடியது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு பரவி, சற்றுத் தள்ளி எரியும் சுடரைக்கூட எட்டிவிடும். உங்கள் கறையோ அடுப்பைச் சுற்றியே இருக்கிறது. சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடி, அடுப்பை மேடையிலிருந்து நீக்கி, பூஜை விளக்கு உட்பட வீட்டில் எந்தச் சுடரும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, சன்னல்களைத் திறந்து வைத்த பிறகே டப்பாவைத் திறக்க வேண்டும். பற்று முழுதும் காய்ந்து, வாசனை போகும்வரை அந்த அறையில் சமைக்கக் கூடாது. இரண்டு பலகைக் கற்கள் சேரும் மூட்டில் பூசியிருக்கும் பசையை அசிட்டோன் இளக்கிவிடும் என்பதால் அந்த இடத்தைத் தவிருங்கள். கைக்குழந்தையோ மூச்சுத்திணறல் உள்ளவர்களோ இருக்கும் வீடுகளில் சோடாப் பற்றோடு நிறுத்திக்கொண்டு, மீதியைத் தொழிலாளியிடம் விட்டுவிடுவதே சரி.

முல்தானி மட்டியைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. அந்த மண்ணிலும் சிறிதளவு இரும்பு கலந்திருக்கும். அதை எலுமிச்சைச் சாறு, வினிகர் போன்ற எதனுடனும் குழைக்கக் கூடாது. வெளிர்நிறக் கற்களுக்கு வெள்ளை டால்கம் தூளோ டிஷ்யூ காகிதமோ பாதுகாப்பானது.

கேள்வி: இரும்பு தோசைக்கல்லை ஈரத்தோடு வைத்ததில் துரு வளையம் பிடித்துவிட்டது. கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிடைச் சிறிது விட்டால் போய்விடும் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். செய்யலாமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். கழிப்பறை ஆசிடில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. மார்பிள், கடப்பா போன்ற கற்களை அது நுரைக்க நுரைக்கத் தின்றுவிடும். கிரானைட்டில் உள்ள பயோட்டைட், கார்னெட் முதலிய இரும்புக் கனிமங்களையும் அது தாக்கி, ஒரு வளையமாக இருந்த துருவை மேடை முழுக்கப் பரவிய பழுப்பாக்கிவிடக் கூடும். துரு நீக்கி என்று கடைகளில் விற்கும் சில திரவங்களில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் கலந்திருக்கும். அது கிரானைட்டின் சிலிக்கேட் கனிமங்களையே கரைக்கவல்லது, தோலில் பட்டால் உயிருக்கே ஆபத்தானது. புட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் எந்தத் துரு நீக்கியையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

பிளீச்சிங் பவுடரும் உதவாது. அது ஆக்சிஜனேற்றம் செய்யும் பொருள். துருவோ ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் அடைந்த இரும்பு. இதையும் ஆசிடையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றிவிட்டால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைத்துவிடும் என்பதை எல்லா வாசகர்களும் மனத்தில் கொள்ள வேண்டும்.

தோசைக்கல்லின் துரு புதிதானது என்றால் பெரும்பாலும் மேலேதான் படிந்திருக்கும். திரவ சோப்பை நனைத்த மெல்லிய நைலான் தூரிகையால் வட்டமாகத் தேய்த்தால் கணிசமாகக் குறையும். கம்பி நாரைத் தொடவே வேண்டாம். அதிலிருந்து முறியும் நுண்கம்பிகள் கல்லின் துளைகளில் சிக்கிக்கொண்டு மறுநாள் புதிய துருப்புள்ளிகளாக முளைக்கும். தேய்த்தும் எஞ்சும் நிறத்துக்கு, சாயப்பட்டறைகளில் ‘ஹைட்ரோஸ்’ என்று வழங்கும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்டைச் சேர்த்துப் பற்றுப் போடுவது கல் பராமரிப்புத் தொழிலில் உள்ள முறை. கரையாத துருவை அது கரையும் வடிவுக்கு மாற்றுகிறது. ஈரம் பட்டால் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய, நெடி மிகுந்த பொருள் அது என்பதால், வீட்டில் நீங்களே செய்ய வேண்டாம், அனுபவமுள்ள தொழிலாளியைக் கொண்டு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பழைய வீட்டில் கருப்பு நிற மேடை. எலுமிச்சை, புளி பட்ட இடமெல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது. தேங்காய் எண்ணெய் தடவினால் கறுக்கிறது, இரண்டு நாளில் பழையபடி ஆகிவிடுகிறது. கிரானைட்டை அமிலம் ஒன்றும் செய்யாது என்கிறார்களே?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: உங்கள் மேடை கிரானைட்டாக இருக்க வாய்ப்பில்லை. பழைய சென்னை வீடுகளில் பரவலாகப் போடப்பட்டது ஆந்திரத்தின் கடப்பா மாவட்டத்திலிருந்து வரும் கடப்பா கல். அது கருமை கலந்த சுண்ணாம்புக் கல். மார்பிளைப் போலவே கால்சியம் கார்பனேட் மிகுந்தது. ஆகையால் அமிலம் பட்ட இடம் அரித்து வெளுக்கிறது. மேடையின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குப் படாத இடத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாற்றை வைத்து ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் மங்கினால் சந்தேகமே வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் அரிப்பில் உள்ள மேடுபள்ளங்களை நிரப்பித் தற்காலிகமாகக் கருமை காட்டுகிறது. ஆனால் அது தூசியையும் மாவையும் பிடித்துவைத்துப் பிசுக்காகும், நாளடைவில் சிக்கு வாடையும் அடிக்கும். கல்லை மறுபடியும் தேய்த்துப் பாலிஷ் போடுவதே நிலையான தீர்வு. கடப்பா கல் மென்மையானது என்பதால் பாலிஷ்காரருக்கு இது பெரிய வேலையன்று.

கருப்புக் கல் புதிதாக வாங்க இருப்பவர்களுக்கு இதே இடத்தில் ஒரு யோசனை. சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயமேற்றிக் கருப்பு என்று விற்பதுண்டு. வெள்ளைத் துணியில் சிறிது அசிட்டோனை நனைத்துப் பலகையின் ஓரத்தில் தேய்த்தால், துணி கறுத்துவருவது சாயத்துக்கு அடையாளம். அப்படிப்பட்ட மேடையில் விழும் ஒவ்வொரு எலுமிச்சைத் துளியும் சாயத்தை வெளுக்கச் செய்யும், அதற்குப் பற்று ஒருபோதும் உதவாது.

கேள்வி: எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. குழாயைச் சுற்றிக் கருப்பு கிரானைட்டில் வெள்ளைப் படலம் கெட்டியாகப் படிகிறது.
– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: அது தண்ணீரில் கரைந்துவரும் கால்சியம், மெக்னீசிய உப்புகள் காய்ந்து படிந்தது, பெரும்பாலும் கல்லுக்குள் இறங்குவதில்லை. சோப்பு நீரால் நன்றாக நனைத்து, புதிய சவரப் பிளேடைக் கல்லோடு படுக்கைவசமாக வைத்து மெதுவாகத் தள்ளினால் படலம் பெயர்ந்துவரும். பிளேடைச் செங்குத்தாகப் பிடிக்கக் கூடாது, உலர்ந்த கல்லில் ஓட்டவும் கூடாது. மெருகேற்றிய உண்மையான கிரானைட்டில் இது கீறல் தராது. மார்பிளிலும் கடப்பாவிலும் தரும். குழாய் கசிந்தால் அதன் வாஷரை மாற்றுங்கள், இரவு வேலை முடிந்ததும் அந்த இடத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். படலம் சேரவே சேராது.

கேள்வி: கல் மேடைக்கு சீலர் அடித்தால் கறையே பிடிக்காது என்று கடைக்காரர் சொல்கிறார். உண்மையா? எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை அடிக்க வேண்டும்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: பாதி உண்மை. நல்ல சீலர் கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கி, தண்ணீரும் எண்ணெயும் உள்ளே போகும் வேகத்தைக் குறைக்கிறது. சிந்தியதைத் துடைப்பதற்கு உங்களுக்குக் கூடுதல் அவகாசம் கிடைக்கிறது, அவ்வளவே. இரவு முழுக்க எண்ணெய்க் கிண்ணத்தின் அடியில் தேங்கிய எண்ணெயை அது தடுத்துவிடாது. மார்பிளில் அமிலத்தால் வரும் அரிப்பைத் தடுக்கவும் முடியாது, ஏனென்றால் அரிப்பு நிகழ்வது துளைக்குள்ளே இல்லை, மேற்பரப்பில்.

கிரானைட் மார்பிளைவிடக் குறைவாக உறிஞ்சும் என்று பலர் நம்புகிறார்கள். கட்டடக் கற்களுக்கான அமெரிக்க ஏ.எஸ்.டி.எம். தரநிலை, நீர் உறிஞ்சும் அளவுக்கு வகுத்த உச்ச வரம்பு கிரானைட்டுக்கு எடையில் 0.40 சதவீதம், மார்பிளுக்கு 0.20 சதவீதம். வெளிர்நிற கிரானைட்டுகள் பல உண்மையிலேயே நன்றாக உறிஞ்சக் கூடியவை. அடர்த்தியான கருங்கற்களோ அநேகமாக எதையும் உறிஞ்சுவதில்லை. அவற்றின்மேல் சீலர் அடித்தால் உள்ளே போக இடமில்லாமல் மேலேயே காய்ந்து, துடைக்கத் துடைக்கத் திரும்பிவரும் புகைமூட்டமாக நின்றுவிடும்.

எனவே ஆண்டுக் கணக்கைக் கடைக்காரரிடம் கேட்பதைவிடக் கல்லிடமே கேட்பது மேல். சுத்தமாக உலர்ந்த மேடையில் அடுப்புக்கு அருகே ஓர் இடம், சிங்குக்கு அருகே ஓர் இடம், அதிகம் புழங்காத ஓர் இடம் என மூன்று இடங்களில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு, பதினைந்து நிமிடம் கழித்து ஒற்றி எடுங்கள். கல் கறுக்காமல் இருந்தால் சீலர் வேண்டாம். கறுத்து, பிறகு காய்ந்து பழைய நிறத்துக்கு வந்தால் சீலருக்கு உரிய காலம் வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்து பார்த்தால் போதும்.

ஏற்கெனவே கறை இருந்தால் அதைப் பற்றுப் போட்டு எடுத்த பிறகே சீலர் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கறையை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். கல் ஒருநாள் முழுக்க உலர்ந்திருக்க வேண்டும். உணவு புழங்கும் பரப்புக்கு ஏற்றது என்று புட்டியில் அச்சிடப்பட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். மெல்லிய துணியால் சீராகப் பூசி, புட்டியில் சொல்லியிருக்கும் நேரம் வரை ஊறவிட்டு, அது மேலே காய்ந்து பிசுபிசுக்கத் தொடங்குவதற்கு முன் மிச்சம் முழுவதையும் உலர்ந்த துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். அதன்பின் 24 மணிநேரம் மேடையில் தண்ணீர் படக் கூடாது என்பதால், விருந்தாளிகள் வரும் வாரத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாமல், ஒரு பொழுதாவது வெளியில் சாப்பிட வாய்ப்புள்ள நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.